நடுக்கடல் காற்றாலைக்குத் தேவையான தகுதிகள்: சொல்லாமல் விட்டவை

1

நான் படித்த கல்லூரியில் இருந்து போன மாதம் அழைத்தார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இறுதியாண்டு மின்னியல் மாணவிகளுக்கு இணையவழியில் பேச வேண்டும். தலைப்பு: 'கடல் காற்றாலைத் துறையில் வேலைவாய்ப்பும் அதற்குத் தேவையான திறன்களும்.' அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'சர்வதேச வல்லுநர்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் செந்தில், "ஏனுங்க சர்வதேச வல்லுநரே, இன்னிக்குப் பாத்திரம் களுவற மொறை யாருதுங்க?" என்றார்.

நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். மின்சுற்றுப் படம் படிக்கத் தெரிய வேண்டும், ஹைட்ராலிக்ஸ் தெரிய வேண்டும், போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவே முறுக்கத் தெரிய வேண்டும், செய்ததைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்றேன். உயரத்தில் வேலை செய்வது, பாரம் தூக்குவது, தீயணைப்பு, முதலுதவி, கடலில் உயிர் தப்புவது ஆகியவற்றுக்கான பயிற்சிகளைப் பற்றி வண்ணப் படங்கள் காட்டினேன். பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கேள்வி நேரம் வந்தது. திரையில் ஒரு சிறு சதுரத்துக்குள் இருந்த கண்ணாடி போட்ட பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, அங்க நடுக்கடல்ல பாத்ரூம் வந்தா என்னங்க்கா பண்ணுவீங்க?"

எல்லாச் சதுரங்களும் சிரித்தன. பேராசிரியர், "ரெலவன்ட்டா கேளும்மா" என்று சொல்லி அவள் ஒலியை அடைத்துவிட்டார். அடுத்துக் கேள்வி கேட்டவர் செயற்கை நுண்ணறிவும் காற்றாலைகளும் என்று ஆரம்பித்தார். அது முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அன்றைக்குக் கேட்ட கேள்விகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். நான் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அதையெல்லாம் எந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் படித்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத அந்தத் தங்கச்சிக்காகத்தான், அன்றைக்குச் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். பாத்ரூம் விஷயமும் வரும். கொஞ்சம் பொறு.

2

நான் மல்லசமுத்திரத்துக்காரி. அப்பா ரிக்கு வண்டி வைத்திருந்தார். எங்கள் பக்கம் ரிக்கு என்றால் போர்வெல் போடும் வண்டி. ஆட்கள் அதை எடுத்துக்கொண்டு வடக்கே போனால் மாதக்கணக்கில் வர மாட்டார்கள். திரும்பி வரும்போது வண்டியின் ரப்பர் ஹோஸ்களும் ஜாக்கிகளும் நொந்து போயிருக்கும். பட்டறையில் போட்டுக் கழற்றுவார்கள். எங்கள் வீட்டுக்குள் சாம்பிராணி வாசம் ஒரு பக்கம் என்றால் ஹைட்ராலிக் எண்ணெய் வாசம் மறுபக்கம்.

மின்னியல் படித்தேன். டிரான்ஸ்ஃபார்மர் சோதனை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆனது. செந்திலுக்கு இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் கணினி வேலை. நானும் வந்தேன். படிப்பு பெட்டிக்குள் போனது. முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். பிறகு ஒரு பல்பொருள் அங்காடியின் கிடங்கில். இரண்டுமே நல்ல வேலைகள். ஆனால் பேருந்தில் போகும்போது துறைமுகத்தில் காற்றாலை இறக்கைகளை வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் எங்கள் ஊர்க் கடைவீதி நீளம். அதைப் பார்க்கிற நாளெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும்.

அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைச் செந்திலிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"கடலுக்குள்ளயா?"

"ஆமாங்க."

"படகுல போயி, ஏணி புடிச்சு ஏறோணுமா?"

"ஆமாங்க."

"நாம ஏற்காட்டுக்குப் போனப்ப படகுத்துறையில மூஞ்சி வெளுத்துப் போயி நின்னது யாரு?"

"நீங்க."

சற்று யோசித்தார். "அட, ஆமா" என்றார். அதற்கு மேல் மறுப்பு வரவில்லை. மறுக்காத கணவரும் இந்த வேலைக்கு ஒரு தகுதிதான், தங்கச்சி. விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

நேர்காணலில் மூன்று பேர். ஹைட்ராலிக்ஸில் அனுபவம் உண்டா என்றார்கள். என் விண்ணப்பத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. பொய்யும் சொல்ல முடியாது. "எங்கள் அப்பாவின் வண்டியில் ஹோஸ் வெடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எனக்குத் தெரியும்" என்றேன். சிரித்தார்கள். வண்டி எப்படி ஜாக்கிகளில் எழும்பி நிற்கும், சீல் தேய்ந்தால் எங்கே முதலில் கசியும் என்று கையை ஆட்டி விளக்கினேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்துப் பயிற்சிப் பணியாளராகச் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது.

3

சேர்ந்த உடனே வந்த முதல் சிக்கல் என் பெயர்.

நம் ஊரில் ப. கோகிலா என்றால் முடிந்தது. இங்கே அந்தப் 'ப'வை விரித்தே ஆக வேண்டும். கடவுச்சீட்டில் அப்பா பெயரான பழனிசாமி என் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. நிறுவனத்தில் குடும்பப் பெயரைத்தான் உடையின் பெயர்ப் பட்டையில் அச்சடிப்பார்கள். முழுப் பெயரும் அந்தப் பட்டைக்குள் அடங்கவில்லை. பாதியில் வெட்டினார்கள். தலைக்கவசம், மேலுடை, பூட்டு, சாப்பாட்டுப் பெட்டி வைக்கும் அலமாரி எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் 'பழனி'. மாற்றிக் கொடுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பெயர் மாற்றத்துக்கு அடையாளச் சான்று கேட்டார்கள். அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் சான்றிலும் பழனிசாமி என்றுதானே இருக்கிறது என்று பதில் போட்டார்கள். நியாயம்தானே.

இப்படியாக நான் பழனி ஆனேன். அப்பா பெயரை வாய்விட்டுச் சொல்லவே கூசுகிற வீட்டில் பிறந்தவளை, குழுத் தலைவர் மார்க் தினமும், "பழனி, அந்த ஸ்பேனரை எடு" என்கிறார்.

வீடியோ அழைப்பில் அப்பாவிடம் தலைக்கவசத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஏஞ்சாமி, கடலுக்குப் போறது நீயா, நானா?"

"ரண்டு பேருந்தானுங்கப்பா."

"சரி, அங்க என்னதான் பண்றாங்க? போரு போடறாங்களா?"

கடலடித் தரையில் பெரிய இரும்புக் குழாயை அறைந்து இறக்கி, அதன் மேல் காற்றாலையை நிறுத்துவார்கள் என்றேன். அப்பாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. குழாய் என்ற சொல் மட்டும் விழுந்தது. போர்வெல்லில் இறக்கும் குழாயைத்தான் கேசிங் என்பார்கள்.

"அட, சுத்திலும் தண்ணி கெடக்கறப்ப என்னத்துக்குச் சாமி அங்க போயிக் கேசிங் எறக்கறாங்க?"

அடுத்த வாரம், பழனிசாமி மகள் கடலில் போர் போடுகிறாள் என்ற செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பட்டறைக்கு வந்த ஒருவர், எத்தனை அடியில் நல்ல தண்ணீர் கிடைத்தது என்று விசாரித்தாராம். இந்தப் பக்கம் என் மகள் நிலா தன் வகுப்பில், "எங்கம்மா ஃபேன் ரிப்பேர் செய்கிறாள்" என்று சொல்லி வைத்திருந்தாள். ஊருக்கும் வகுப்புக்கும் நடுவில் எனக்கு ஒரு கௌரவமான வேலை இருந்ததை அலுவலகம் மட்டும்தான் நம்பியது.

4

பயிற்சி தொடங்கியது.

உயரம் எனக்குப் பயமில்லை. சின்ன வயதில் ரிக்கு வண்டியின் கம்பத்து மேல் ஏறி அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். தீயணைப்பும் சுலபம். முதலுதவியில் ஒரு தடுமாற்றம். தரையில் கிடந்த பொம்மையின் தோளைத் தட்டி, நினைவிருக்கிறதா என்று உரக்கக் கேட்க வேண்டும். பதற்றத்தில், "ஏனுங்க, ஏனுங்க, கேக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். பயிற்சி கொடுத்த அம்மையார் சிரித்துவிட்டு, "என்ன மொழியோ தெரியவில்லை, ரொம்ப மரியாதையாக இருக்கிறது. இதற்காகவே அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்" என்றார்.

கடைசியாகக் கடலில் உயிர் தப்பும் பயிற்சி. கடலில் இல்லை, கூரை போட்ட குளத்தில்தான். தண்ணீர் உள்ளே வராத உடுப்பு, மிதவைச் சட்டை எல்லாம் போட்டுவிடுவார்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மேடையின் விளிம்பில் நின்று, ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, நேரே பார்த்தபடி ஒரு அடி எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒரு அடியை என்னால் எடுத்து வைக்க முடியவில்லை.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் தம்பி மணி நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகினான். எனக்கு மட்டும் கிணற்று மேட்டுப் பக்கம் போகாதே என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். அந்தச் சொல் காலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மற்றவர்கள் தொப் தொப்பென்று விழுந்து மிதந்தார்கள். நான் விளிம்பில் நின்றேன். பயிற்சியாளர் பொறுமையாக இருந்தார். எண்ணிப் பார்த்தார், வேடிக்கை பேசிப் பார்த்தார், கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்றும் கேட்டார். கடைசியில் படி வழியாக இறங்கச் சொன்னார். சான்றிதழில் அந்தப் பகுதியை மட்டும் நிரப்பாமல் விட்டார்கள். இன்னொரு தேதி தருகிறோம், அதிலும் ஆகவில்லை என்றால் கரையிலேயே ஏதாவது வேலை பார்க்கலாம் என்று நிறுவனத்தில் அன்பாகச் சொன்னார்கள். இங்கே கெட்ட செய்தியை எப்போதும் அன்பாகத்தான் சொல்வார்கள். புரிந்துகொள்ளப் பாதி நாள் ஆகும்.

5

நடுவில் ஊருக்குப் போக வேண்டி வந்தது. மணி புது வீடு கட்டியிருந்தான். புகுவிழாவுக்கு நாங்கள் மூவரும் போனோம்.

விழா முடிந்த மறுநாள் காலை. உறவினர்கள் பாதிப் பேர் இன்னும் கிளம்பவில்லை. மணியைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன். என்னைக் கிணற்றில் குதிக்க வைக்க வேண்டும், யாருக்கும் தெரியக் கூடாது என்றேன்.

"அதுக்கென்னக்கா, வா" என்றான் மணி. பிறகு திரும்பி, "அப்பா! அக்கா கெணத்துல குதிக்கோணுமாம்!" என்று கத்தினான்.

நான் சொன்ன ரகசியத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். பாறையில் வெட்டிய பெரிய சதுரக் கிணறு அது. அந்த வருடம் நல்ல மழை. தண்ணீர் மேலே நின்றது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உறவினர்கள் கிணற்றைச் சுற்றி இடம் பிடித்துவிட்டார்கள். ஒரு பெரியம்மா காபி டம்ளரோடு வந்திருந்தார்.

அப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். லாரி டியூப் ஒன்றுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் போட்டார். என் இடுப்பில் கயிறு கட்டினார். கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடிக்காமல் டிராக்டரின் கொக்கியில் மாட்டினார்.

"அப்பா, நானென்ன முழுகுன மோட்டாருங்களா?"

"பேசாம பொட்டாட்ட இரு சாமி. வேணும்னா ஜேசிபிக்குச் சொல்லி உடறேன்."

உறவினர்கள் முன்னால் இது நடப்பது அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒறம்பரைக இருக்கறப்ப இதென்ன கூத்து! ஒரு புள்ளையப் பெத்து வளத்துட்டு, இப்பப் போயிக் கெணத்துல குதிக்கறேங்கறா. பாக்கறவிக என்ன நெனப்பாங்க?" என்று செந்திலைப் பார்த்தார், மருமகனாவது தடுப்பார் என்ற நம்பிக்கையில். செந்தில் கிணற்றுக்கு ரொம்பத் தள்ளி, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இத்தனைக்கும் நடுவில் படபடவென்று ஓடி வந்தது யார் என்று பார்த்தால் நிலா. ஊருக்கு வந்த நாள் முதல் இணையம் மெதுவாக இருக்கிறது, எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள், எப்போது திரும்பப் போவோம் என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள். படிகளில் நின்றுகூடப் பார்க்கவில்லை. மேட்டில் இருந்து நேராக ஒரு பாய்ச்சல். கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. அவள் மறுபக்கம் எழும்பி, தலையைச் சிலுப்பி, ஒரு சுற்று நீந்தி வந்தாள்.

"அடேங்கப்பா! அந்தூர்லயும் கெணறு இருக்குதா சாமி?" என்றார் பெரியம்மா.

"இல்லைங்க பாட்டி. ஸ்கூல்ல பூல் இருக்கு. பைஜாமா போட்டுக்கிட்டு நீந்தச் சொல்வாங்க."

"தூங்கறப்ப தண்ணிக்குள்ள உளுந்துட்டா ஆகும்னு சொல்லிக் குடுக்கறாங்களாட்ட இருக்குது" என்று பெரியம்மா பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார்.

நான் படியில் நின்றேன். மணி தண்ணீரில் ஒரு பக்கம், நிலா ஒரு பக்கம், நடுவில் கறுப்பு டியூப். மேலே இருந்து அறிவுரை கொட்டியது. கண்ணை மூடு என்றார் ஒருவர். மூடாதே என்றார் இன்னொருவர். குலசாமியை நினைத்துக்கொள் என்றது ஒரு குரல். கால் நகரவில்லை. அதே குளத்து விளிம்பு, அதே கால். வெயில் மட்டும்தான் புதிது.

நிலா கீழே இருந்து என்னைப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. தண்ணீரில் விழுந்தால் வலிக்காது என்று சொல்ல நினைத்து, தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிக் கத்தினாள்:

"அம்மா! பயப்படாதீங்க! நீங்க விழுந்தா தண்ணி உடையாது!"

கிணறே சிரித்தது. அப்பா டிராக்டரின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கிய சிரிப்பில் காலில் இருந்த பூட்டு எப்படியோ விட்டுப் போனது. அந்த நொடியில் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

தண்ணீர் உடையவில்லை. மூக்கில் ஏறியது. மேலே வந்து இருமினேன். டியூபைப் பிடிப்பதற்குள் நிலா என் தோளைப் பிடித்துவிட்டாள். "வெரி குட், அம்மா" என்று அவளுடைய ஆசிரியையின் குரலில் சொன்னாள். பயத்தில் அப்பா யாரிடமோ டிராக்டரைக் கிளப்பச் சொல்லும் சத்தம் கேட்டது. "வேண்டாம்! வேண்டாம்!" என்று நான் போட்ட கூச்சல்தான் அன்றைய நாளின் பெரிய கூச்சல்.

ஊரில் இருந்த மிச்ச நாள் முழுக்கக் காலையில் கிணறுதான். மூன்றாம் நாள் அம்மா துண்டையும் தலைக்கு எண்ணெயையும் கிணற்று மேட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார். நிலா, எப்போது திரும்பப் போவோம் என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள். இதை நான் யாரிடமும் சுட்டிக் காட்டவில்லை. சொன்னால் மறுபடியும் ஆரம்பித்துவிடுவாள்.

6

இரண்டாம் முறை கூரை போட்ட குளத்தில் சிரமம் இல்லை. விளிம்பில் நின்றபோது எனக்குள் சிரிப்பு வந்தது. பயிற்சியாளர் என்ன என்று கேட்டார். தண்ணீர் உடையாது என்றேன். சற்றுக் கவலையாகப் பார்த்துவிட்டுக் குதிக்கச் சொன்னார்.

இனி பாத்ரூம்.

தங்கச்சி, நாங்கள் போகும் காற்றாலைகளில் கழிவறை கிடையாது. படகில் உண்டு. ஆனால் படகு உன்னை ஏற்றிவிட்டு அடுத்த காற்றாலைக்குப் போய்விடும். அதற்கென்றே மூடி போட்டுக் கட்டக்கூடிய பைகள் இருக்கின்றன. கோபுரத்துக்குள் தளம் தளமாக இருக்கும். "எனக்குக் கீழ்த் தளம் கொஞ்ச நேரம் வேண்டும், யாரும் வர வேண்டாம்" என்று கூட இருக்கும் ஆண்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் சரி என்பார்கள். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அவ்வளவுதான் செய்முறை.

ஆனால் முதல் இரண்டு வாரம் நான் அதைச் சொல்லவில்லை. காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் பழகிய வித்தைதானே அது. ஒரு நாள் தலை சுற்றி உட்கார்ந்தேன். மார்க் என் தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். திறக்கவே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் எல்லோரையும் பார்த்து, "சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை கீழ்த் தளம் பழனிக்கு" என்று சொல்லிவிட்டு வானிலை விவரத்துக்குப் போனார். அப்பா பெயரால் அந்தத் தளம் ஒதுக்கப்பட்டதை நான் இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

7

பேச்சு விஷயத்தில்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இலக்கணம் அல்ல. வானொலிக் கருவியில் எழுத்துக் கூட்டும்போது, எழுத்துக்கு ஒன்றாக உலகம் முழுவதும் ஒரே சொற்களைத்தான் சொல்ல வேண்டும். அவசரத்தில் ஆங்கில 'கே' எழுத்துக்கு, 'கிலோ' என்பதற்குப் பதில் "குமாரபாளையம்" என்றுவிட்டேன். கட்டுப்பாட்டு அறையில் இருந்து, "அதை எழுத்துக் கூட்ட முடியுமா?" என்று கேட்டார்கள். இதெல்லாம் பழகினால் வந்துவிடும். வராதது ஒரு சொல்: முடியாது.

நம் பக்கம் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கம் இல்லை. "பாக்கலாமுங்க" என்போம். "ஆகட்டுமுங்க" என்போம். உடம்பு சுகமில்லாமல் இருந்தாலும் பந்திக்கு இலை போடுவோம். முதியோர் இல்லத்திலும் கிடங்கிலும் இந்தக் குணத்தால் எனக்கு நல்ல பெயர்.

அன்று அலை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருந்தது. எனக்குத்தான் முந்தைய வாரம் முழுக்கக் காய்ச்சல். சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு கிளம்பியிருந்தேன். வழியில் வாந்தி. படகு தன் மூக்கைக் காற்றாலையின் ஏணியோடு அழுத்திப் பிடித்து நின்றது. அலை படகைத் தூக்கும். ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். மார்க் மேலே போய்விட்டார். அடுத்தது நான், என் பின்னால் கேரி. கேரி முன்னாள் மீனவர், மலை மாதிரி உடம்பு. ஒரு நாளைக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் பேச மாட்டார்.

படகுப் பணியாளர், "போகலாம்" என்று கை காட்டினார். ஏணியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன், தோளுக்கு மேல் எழவில்லை. கிணற்றுப் பயம் இல்லை இது. பலம் இல்லை, அவ்வளவுதான். ஏணியில் பாதியில் கை விட்டுவிடும் என்று எனக்கே தெரிந்தது.

அந்த வேலைக்கு மூன்று பேர் வேண்டும். நான் ஏறாவிட்டால் மார்க்கும் இறங்க வேண்டும், அன்றைய பயணமே வீண். என் வாய்க்குள் 'ஆகட்டுமுங்க' தயாராக இருந்தது. அதை விழுங்கினேன்.

"என்னால் இன்றைக்கு முடியாது."

சொன்ன பிறகு ஒரு பழக்கத்தில் மன்னிப்பும் கேட்டேன். ஒரு முறை அல்ல. கேரி பின்னால் நகர்ந்து எனக்கு வழி விட்டார். மார்க் இறங்கி வந்தார். படகு கரைக்குத் திரும்பியது. வழி முழுக்க யாரும் பேசவில்லை. கேரி கைகளைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கினாரா, என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. ஒரு பெண்ணைச் சேர்த்ததால்தான் இப்படி என்று நினைப்பார்கள் என்று எனக்கு நானே வரி வரியாக வசனம் எழுதிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் செந்திலிடம் சொன்னேன். ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வேலைய உட்டு எடுத்துருவாங்களா?" என்றார். ஆறுதல் சொல்வதில் அவர் எப்போதுமே இப்படித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ முடியலேன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல புள்ள. எங்கிட்டயும் சொல்லியிருக்கலாம். காச்சலோட எதுக்குப் போனே?" என்றார்.

ரசத்தைக் குடித்தேன்.

மறுநாள் மார்க் என்னை அழைத்து, "நேற்று நீ சொன்னது நல்லது. அடுத்த முறை கரையிலேயே சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இந்த ஊரில் சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "சுவாரசியமாக இருக்கிறது" என்பவர்கள் இவர்கள். பிடிக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்கு வருடக்கணக்கில் தெரியாமல் இருந்தது. இரண்டு நாள் கழித்து அதே ஏணியில் ஏறினேன், வேலையை முடித்தேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு முள் கிடந்தது.

8

குளிர் தொடங்கியபோது நடந்தது இது. மறுபடியும் நாங்கள் மூவர். கடல் அன்று ஏரி மாதிரி கிடந்தது. படகு ஏணியைத் தொட்டு நின்றது. அன்று முதலில் ஏற வேண்டியவர் கேரி. அவர் கண்ணை மூடிக்கொண்டே ஏறிவிடுவார். பணியாளர் கை காட்டினார்.

கேரி ஏணியைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார்.

"இன்றைக்கு என்னால் முடியாது, மார்க்."

மார்க் ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "சரி" என்றார். மாலுமியிடம் கையைச் சுழற்றிக் காட்டினார். படகு ஏணியை விட்டு விலகியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கடல் அமைதியாகத்தானே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு நடந்த அன்றும் இப்படித்தான் நடந்திருக்கிறது. நான்தான் அந்த மௌனத்துக்கு வசனம் எழுதியிருக்கிறேன்.

கேரி வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். இருக்கை முனகியது. கரை தெரியத் தொடங்கியபோது, முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"என் மனைவிக்கு இன்றைக்கு ஆபரேஷன். நான் இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, வேலைக்குப் போ என்றாள். வந்துவிட்டேன். ஏணியைப் பார்த்ததும் கை என்னுடையது மாதிரி இல்லை."

அவருடைய மூன்று வாக்கியக் கணக்கு தாண்டிவிட்டது.

"முன்னே என்றால் ஏறியிருப்பேன். இந்தக் கடலில் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு நீ சொன்னாய். உன்னை யாரும் கடலில் தூக்கிப் போடவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பழனி."

இந்த மாதிரி நேரத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தமிழிலும் நாம் என்ன சொல்லிவிடுகிறோம்? "சரியாப் போயிருமுங்க" என்போம், ஏதாவது சாப்பிடக் கொடுப்போம். பையில் கையை விட்டேன். மணி அனுப்பியிருந்த இஞ்சி மரப்பா காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தது. பிய்த்து ஒரு துண்டு கொடுத்தேன்.

"எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.

கேரி மிட்டாய் என்று நினைத்து முழுதாக வாயில் போட்டுக் கடித்தார். முகம் சிவந்தது. இருமினார். என்னை ஒரு துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார். கண் இரண்டும் கலங்கி வழிந்தன. இஞ்சியாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. மார்க் ஜன்னல் வழியாகக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுகம் நெருங்கியது. இறங்கியதும் கேரி ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் காரைத் தயாராக வைக்கும்படி மார்க் வானொலியில் கரைக்குச் சொல்வது கேட்டது. கேரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

இன்னொரு துண்டு வைத்தேன்.